வெள்ளைக் கம்பளியில் கறுப்பு நூல்

போன வாரம் தேனியில் உங்கள் கார் கழுவும் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு காரின் கதவைக் கழுவினான். நன்றாகத்தான் கழுவினான். மேலிருந்து கீழே, அழுத்தாமல், குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல. பிறகு கையுறையை வாளிக்குள் முக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டான். வாளிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அவன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. கழுவிய தண்ணீரைப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது, ஒருநாள் அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்தத் தொழிலில் எத்தனையோ வருஷம் இருந்துவிட்டேன். அந்த ஒரு நாளை நினைத்தால் மட்டும் இன்றும் கை கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிடுகிறது.

நான் வேலை பார்த்தது கம்பத்திலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருந்த ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட்டில். எழுபதுகளின் நடுப்பகுதி. அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஷெட் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் ஷெட் என்று இருந்தவர். வாய் கடுகடு என்று இருக்கும். மனசைச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. எங்களிடம் வந்ததெல்லாம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள், ஓடைப்பட்டியிலிருந்து திராட்சை ஏற்றிப் போகும் லாரிகள், எப்போதாவது ஒரு அம்பாசிடர். தேங்காய் நாரும் பழைய பனியன் துணியும்தான் எங்கள் ஆயுதம்.

அங்கேதான் அந்தக் கறுப்புக் கார் வந்து சேர்ந்தது. மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு முதலாளி வாங்கியிருந்தார். டிரைவர் பரமன் எனக்குப் பழைய சிநேகிதன். லாரிக் காலத்திலிருந்தே மாப்ள, மாப்ள என்று பழக்கம். வந்த முதல் நாளே டிக்கியைத் திறந்து வெள்ளையாக, புசுபுசுவென்று ரெண்டு சாமானை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“என்னடா இது, ஆட்டுக்குட்டியத் தோலோட உரிச்சு எடுத்துட்டு வந்திருக்க?” என்றேன்.

“தொரை வண்டியோடயே விட்டுட்டுப் போயிட்டாகளாம். இதப் போட்டுத்தான் கழுவணுமாம். வேற துணி மேல படக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிவிட்டாக” என்றான் பரமன்.

விரல் நீளத்துக்கு வெள்ளைக் கம்பளி மயிர், உள்ளே பதப்படுத்திய தோல், கை நுழைக்க ஒரு பை. நனைந்தால் ஒரு மந்தையே பக்கத்தில் நிற்பதுபோல் வாசம் அடிக்கும். ஷெட்டில் அதற்கு ‘ஆட்டுக்கை’ என்று பெயர் விழுந்துவிட்டது. தெருநாய் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு ஓடி, பாதி ஊர் துரத்திப் பிடித்த கதையும் உண்டு. இன்று நீங்கள் ‘வாஷ் மிட்’ என்கிறீர்களே, அதேதான்.

எனக்கு அதன்மேல் முதலில் நம்பிக்கை இல்லை. கறுப்பு வண்டி, துணி பட்டாலே வெயிலில் சிலந்தி வலைபோல் கீறல் தெரியும். பயந்து பயந்து பானட்டைக் கழுவினேன். ஒரு கோடு விழவில்லை. வண்டியில் அழுக்கே இல்லைபோல என்று நினைத்துக்கொண்டு, வெள்ளை எனாமல் பேசின் ஒன்றில் தண்ணீர் பிடித்து ஆட்டுக்கையை உள்ளே விட்டு, மயிரை விரலால் பிரித்துப் பிரித்து அலசினேன். தண்ணீர் தெளிந்ததும் அடியில் பார்த்தேன். செம்மண், கருமணல், காக்காப்பொன் துகள் என்று ஒரு கரண்டி அளவுக்கு மண். அவ்வளவையும் தன் மயிருக்குள் இழுத்து ஒளித்துவைத்துக்கொண்டு, வண்டிமேல் வெறும் பஞ்சாக அது நகர்ந்திருக்கிறது. நான் பேசின் பக்கத்திலேயே குந்திவிட்டேன்.

“என்னல பாக்குற? உள்ள மீனா கெடக்கு?” என்றார் அண்ணாச்சி.

“மீனில்ல அண்ணாச்சி. மலையே கெடக்கு” என்றேன்.

அன்றிலிருந்துதான் பேசினைப் பார்க்கும் பழக்கம். தேவதானப்பட்டிப் பக்கம் போய் வந்த வண்டி ஒரு நிறத்தில் மண் விடும். மலை இறங்கி வந்த வண்டி வேறு நிறத்தில் விடும். பார்ப்பது ஒரு வேடிக்கையாக ஆரம்பித்துக் கடைசியில் வேலையின் பாதியாகவே ஆகிவிட்டது. கம்பளியை வைத்துக்கொள்ளும் முறையும் அப்படித்தான், ஒவ்வொரு அடியாகப் பட்டுத்தான் வந்தது. திராட்சைத் தோட்டத்து ஜீப் ஒன்றை, நான் இல்லாத நாளில், எங்கள் ஆள் ஒருவர் ஆட்டுக்கையால் கழுவிவிட்டார். கொடிக்கு அடிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஜீப் முழுக்க அப்பியிருந்தது. சுண்ணாம்பு கம்பளியைத் தின்றுவிட்டது. பெரிய காய்ச்சல் கண்டு எழுந்தவர் தலைமுடிபோல் கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. அப்புறம் மிச்சம் ஒரே ஒரு ஆட்டுக்கை. அதைச் சவக்காரச் சோப்பு காட்டாமல், பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசி, பிழியாமல் அமுக்கி, நிழலில் காயப்போட்டு, சீப்பால் வாரி, கண்ணாகப் பார்த்துக்கொண்டேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆடி மாதம். கீழே கம்பத்தில் வெறும் காற்று. மேலே குமுளி மலையில் விடாத சாரல். காலை டீக்கடைக் கூட்டம் கலையாத நேரத்தில் கறுப்புக் கார் மலையிலிருந்து இறங்கி ஷெட்டுக்குள் வந்தது. முந்தின நாள் முதலாளியின் சொந்தக்காரர்களைக் குமுளியில் இறக்கிவிட்டு அங்கேயே தங்கிய பரமன், விடிந்தும் விடியாமலும் புறப்பட்டிருக்கிறான். வண்டியைக் கழுவிக்கொண்டு போடிக்குப் போய், முதலாளியை ஏலக்காய் ஏலத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

“மேல ஒரே மூட்டம் மாப்ள. என் கையே எனக்குத் தெரியல” என்றான். “காத்துல ஒடிஞ்ச கெள ஒண்ணு ரோட்டுல குறுக்க கெடந்துச்சு. கிட்ட வந்துதான் பாத்தேன். ஒடிச்சுத் திருப்புனேன், அப்பயும் இடது பக்கம் டொப்புனு இடிச்சிருச்சு. எறங்கிப் பாத்து, கெளைய ஓரமா இழுத்துப் போட்டுட்டு வாரேன். மட்கார்டுல கோடு கீடு விழுந்திருக்கான்னு பாரு. மொதலாளி பாத்தாகன்னா கொன்னே போடுவாக.”

சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனான். அவன் சிரித்துப் பேசும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

நான் கூரையைக் கழுவினேன், பானட்டைக் கழுவினேன், இடது மட்கார்டுக்கு வந்தேன். ஹெட்லைட் வளையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நெளிவு. அவன் சொன்ன கிளை என்று நினைத்தேன். வளையத்தின் இடுக்கில் ஆட்டுக்கையை ஓட்டி எடுத்து, பேசினில் விட்டு மயிரைப் பிரித்தேன்.

வெள்ளைக் கம்பளிக்குள் கறுப்பாக ஏதோ சிக்கியிருந்தது.

முதலில் பன்றி மயிர் என்று நினைத்தேன். அந்த மலையில் பன்றி குறுக்கே பாய்வது வாடிக்கை. ஒன்றை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினேன். அது பிரிந்தது. ஒரே மயிர் அல்ல. பல மயிர்கள் சேர்த்து முறுக்கிய நூல். எந்த மிருகத்தின் உடம்பிலும் மயிர் முறுக்கி நூலாக முளைப்பதில்லை. கிளீனராக இருந்த நாளில் மழைக்கு நானே அதைத் தலையில் போட்டுக்கொண்டு லாரி மேல் உட்கார்ந்திருக்கிறேன். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் தலையிலிருந்து முழங்கால்வரை கூடாரம்போல் கவிழ்த்துக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. அதன் நூல்.

குழாயை மூடினேன்.

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த நிமிஷத்தில் என் மனசு எனக்கு என்னென்ன சொன்னது என்று மறைக்காமல் சொல்கிறேன். யாரோ புதரில் காயப்போட்ட கம்பளி காற்றில் பறந்து வந்து மாட்டியிருக்கலாம் என்றது. ஓரமாக நின்றவர் மேல் லேசாக உரசியிருக்கும், அவர் திட்டிவிட்டு நடந்து போயிருப்பார் என்றது. பேசினைக் கவிழ்த்தால் போதும், வாய்க்கால் கொண்டுபோய்விடும் என்றும் சொன்னது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்பது யாராவது போய்ப் பார்த்தால்தானே தெரியும்? நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று நின்றிருந்தால், நான் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பேன். சந்தேகம் போதும், எழுந்து போக. குற்றம் சொல்லத்தான் சந்தேகம் போதாது.

அதனால் கூட்டம் கூட்டாமல் அவனை மட்டும் கூப்பிட்டேன்.

“பரமா, இங்கன வா. டீய அங்கனயே வச்சுட்டு வா.”

“என்ன மாப்ள, கோடு விழுந்திருச்சா?”

“இதப் பாரு.”

“என்னது, பன்னி மயிரா?”

“கையில எடு. உருட்டிப் பாரு.”

உருட்டினான். நூல் பிரிந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மட்கார்டைப் பார்த்தான்.

“கம்பளி” என்றான்.

“ம்.”

“கெளைதான் மாப்ள. சத்தியமா எறங்கிப் பாத்தேன். யாருன்னு சத்தங்கூடக் குடுத்தேன். ஒரு பதிலும் இல்ல.”

“நீ பொய் சொல்லல. எனக்குத் தெரியும். பதில் சொல்ல முடியாமயும் இருந்திருக்கலாம்ல?”

இதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். வண்டி பாதியில் நிற்பதைப் பார்த்து, “என்னல ரெண்டு பேரும் எழவு வீட்ல நிக்க மாதிரி நிக்கீக?” என்றார். நான் சொன்னேன். நூலை வாங்கிப் பார்த்துவிட்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் தணிந்தது.

“ஏலே, இது பெரிய எடத்து வண்டி. நூலு கெடச்சதுன்னு ஊரக் கூட்டப் போறீகளா? பேசாமக் கழுவி அனுப்பு.”

பரமன் கையை நீட்டினான். “அண்ணாச்சி, ஒங்க ஜீப்புச் சாவியத் தாங்க.”

“போனா ஒன்னத்தான்லே புடிப்பாக. லைசென்ஸ் போகும். ஆளு செத்துக் கெடந்தா உள்ளயே போயிருவ. வீட்ல புள்ளைக இருக்குல்ல?”

“உசுரோட கெடந்தா?” என்றான் பரமன்.

அந்த இடத்தில் இழப்பதற்கு எங்கள் எல்லாரையும்விட அதிகம் வைத்திருந்தவன் அவன். அவன்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கை கீழே இறங்கவில்லை. நான் அதுவரை அவனை வாய்ச் சவடால் பேர்வழி என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மனுஷனுக்குள் என்ன இருக்கிறது என்பது எத்தனை வருஷம் பழகினாலும் தெரிவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அண்ணாச்சி ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். “நான் ஸ்டேஷனுக்குப் போயிச் சொல்லிட்டு வாரேன். நீங்க நேரா மேல போங்க. எவனும் இந்த வண்டியத் தொடக்கூடாது” என்றார். ஆட்டுக்கையை நூலோடு அப்படியே பேசினிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தேன். வேலை முடிந்து அதைக் கழுவாமல் வைத்தது அந்த ஒரு தடவைதான்.

ஜீப்பைப் பரமனே ஓட்டினான். கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரும்வரை வெயில். அங்கிருந்து பார்த்தால் மலையிலிருந்து மின்சார நிலையத்துக்கு இறங்கும் பெரிய இரும்புக் குழாய்கள் பாதிவரைக்கும்தான் தெரிந்தன. மேல்பாதியை மூட்டம் விழுங்கியிருந்தது. அதற்குள் ஏறினோம். முதல் வளைவிலேயே குளிர் அறைந்தது.

“அந்நேரத்துக்கு இந்த ரோட்டுல நடக்குறவுக யாரு தெரியுமா மாப்ள?” என்றான் பரமன், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைக. ஜீப்ப விட்டவுக நடந்துதான் போவாக. எங்க ஆத்தா அப்பிடித்தான் போயி என்னைய வளத்துச்சு.”

அவன் இழுத்துப்போட்ட கிளை சாலையோரம் அப்படியே கிடந்தது. இறங்கினோம். சாலையில் ரத்தம் இல்லை, செருப்பு இல்லை, ஒன்றும் இல்லை. சாரல் எல்லாவற்றையும் கழுவியிருந்தது. ஓரத்தில் இடுப்பளவுக்கு உண்ணிச்செடிப் புதர், அதற்கப்பால் சரிவு, சரிவுக்குள் வெள்ளை மூட்டம்.

“ஆத்தா! யாராச்சும் இருக்கீகளா? ஆத்தா!” பரமன் கத்தினான். மலை அதைத் திருப்பிக்கூடச் சொல்லவில்லை. மூட்டத்தில் சத்தம் பஞ்சில் குத்தியதுபோல் அடங்கிவிட்டது.

நான் புதர் ஓரமாகக் குனிந்து நடந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான்: எது எதில் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. ஒரு முள்ளில் கறுப்பாக ஒரு கற்றை. கொஞ்சம் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே ஒரு கிளை முறிந்து, அதன் நுனியில் பிய்ந்த கம்பளி நூல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ எங்களுக்காக வழி நெடுகக் கட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. வேரைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேரும் இறங்கினோம்.

ஒரு பாறைக்கும் மரத்துக்கும் நடுவில் அந்த அம்மா கிடந்தாள். மேலே கறுப்புக் கம்பளி சுருட்டிக்கொண்டு, ஒரு கரும்பாறையைப்போலவே. அதன்மேல் சாரல் முத்து முத்தாக நின்றது. நெற்றியில் காயம், ஒரு கால் இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. முகத்தைத் தொட்டேன்; ஐஸ். பரமன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் கம்பளிக்குள் கையை விட்டேன்.

உள்ளே சூடாக இருந்தது. அடைகாக்கும் கோழிக்கு அடியில் கை விட்டதுபோல் இருந்தது. சுற்றிலும் மலையே நனைந்து விறைத்துக் கிடக்கிறது. கம்பளியின் வெளிப்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே ஒரு உயிர் தன் சூட்டைத் தானே பிடித்துவைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருக்கிறது. நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. ஆட்டின் மயிரை நான் எத்தனை நாள் அலசியிருக்கிறேன், வாரியிருக்கிறேன். அது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பரமா, எந்திரி. உசுரு இருக்கு.”

அவன் எழுந்த வேகத்தில் சறுக்கி விழுந்தான். மறுபடி எழுந்து மேலே ஏறிச் சாலையில் நின்று கையை விரித்துக்கொண்டு கத்தினான். குமுளியிலிருந்து இறங்கிய ஒரு லாரி நின்றது. மலையாளி டிரைவர். “எந்தா சேட்டா, ஆக்சிடென்டோ?” என்று கேட்டுக்கொண்டே தார்ப்பாய்க் கயிற்றையும் கிளீனரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர்தான் ஒடிந்த காலைக் கழியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அந்த அம்மாவைப் போர்த்தியிருந்த கம்பளியிலேயே கிடத்தி, நான்கு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு, கயிற்றின் துணையோடு அடி அடியாக மேலேற்றினோம். வழியில் எங்களுக்கெல்லாம் சட்டை கிழிந்தது. அந்தக் கம்பளி கிழியவில்லை. லாரி டிரைவர் பேர்கூடக் கேட்கவில்லை நாங்கள். “வேகம் போய்க்கோ” என்று ஜீப்பின் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

கம்பம் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, கால் முறிவும் தலைக் காயமும் பெரிய விஷயமில்லை, இந்தக் குளிரில் நனைந்து கிடந்ததுதான் பெரிய விஷயம் என்றார். சாயங்காலம்வரை கிடந்திருந்தால் கம்பளியும் காப்பாற்றியிருக்காது என்றார். சாயங்காலம்வரை யாரும் தேடியிருக்கவும் மாட்டார்கள். அதை அந்த அம்மாவின் தங்கை வந்தபிறகுதான் தெரிந்துகொண்டோம். பேர் காமாயி, கூடலூர்க்காரி. ஆள் ஏற்றும் ஜீப்பைத் தவறவிட்டுத் தனியாக நடந்திருக்கிறாள். அன்று வரவில்லை என்று தோட்டத்தில் நினைத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் இருக்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அந்த மலையில் அவள் கிடப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு பேசின் தண்ணீருக்குத்தான் தெரிந்திருந்தது.

பரமன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு நடந்துபோய், “வண்டி ஓட்டுனது நாந்தான்” என்று சொல்லிவிட்டான். போலீஸ் வந்து ஆட்டுக்கையை நூலோடு எடுத்துப் போனார்கள். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அதன் தோல் அப்பளம்போல் விறைத்துப்போயிருந்தது. எவ்வளவு எண்ணெய் தடவியும் இளகவில்லை. கேஸ் கொஞ்ச நாள் நடந்து, மூட்டம், காற்று, அவனே வந்து சொன்னது எல்லாவற்றையும் பார்த்து அபராதத்தோடு விட்டார்கள். போடி முதலாளி அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். அவர் ஒருநாள் ஷெட்டுக்கு வந்து அண்ணாச்சியைக் கேட்ட கேள்வி இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

“வண்டியத்தான கழுவச் சொன்னேன். கழுவுன தண்ணியப் பாக்கச் சொன்னது யாரு?”

என்னைப் பேசாமல் கழுவி அனுப்பச் சொன்ன அதே அண்ணாச்சி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “கழுவுறவன் பாக்கலைன்னா வேற யாருங்க பாப்பாக?”

அந்த வண்டி அப்புறம் எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை. பரமனுக்கு அண்ணாச்சியே ஒரு திராட்சை லாரியில் வேலை வாங்கிக் கொடுத்தார்.

நீங்கள் ஒருநாளைக்கு எத்தனையோ வண்டி பார்க்கிறீர்கள். உங்கள் கையுறைக்குள் மண்ணும் தாரும் பூச்சியும்தான் வரும். இந்த மாதிரி ஒன்று உங்கள் வாழ்நாளில் வராமலே போகட்டும் என்று துவா செய்கிறேன். ஆனாலும் பாருங்கள். கம்பளி தன்னால் முடிந்ததைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்குமேல் அதற்கு வாய் இல்லை. பார்த்ததை என்ன செய்வது என்று வரும்போது, உங்களுக்கு யார் சொல்லித் தருவார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லித் தந்தது பரமன். அதுவும் மலைமேல் அல்ல. மலை ஏறியதைக்கூட ஒரு வேகத்தில் செய்தான் என்று சொல்லிவிடலாம். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியில் நடந்தது வேகத்தில் செய்தது அல்ல.

அண்ணாச்சி ஜாமீன் கொடுத்து அவனை வெளியே எடுத்த மத்தியானம். காமாயிக்கு நினைவு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பன் ரொட்டி வாங்கிக்கொண்டு ரெண்டு பேரும் போனோம். வார்டு வாசலில் பரமன் நின்றுவிட்டான். “நீ குடுத்துட்டு வா மாப்ள. நான் இங்கனயே நிக்கேன்” என்றான். அதற்குள் கட்டிலிலிருந்து காமாயி எங்களைப் பார்த்துவிட்டாள். காலில் மாவுக்கட்டு, தலையில் கட்டு. கண் மட்டும் தெளிவாக இருந்தது. பக்கத்தில் தங்கை உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

“மலையில எறங்கி என்னையத் தூக்குனவுக நீங்கதானாக்கும். நர்சம்மா சொன்னாக” என்றாள். பிறகு பரமனை உற்றுப் பார்த்தாள். “ஆத்தா ஆத்தான்னு கத்துனது நீதானய்யா? எனக்குக் கேட்டுச்சு. பதில் சொல்லணும்னு பாக்கேன், வாய் வரல. அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்.”

அவன் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவளுக்கு எதுவும் தெரியாது. போலீஸ் அவளிடம் இன்னும் வந்திருக்கவில்லை. காப்பாற்றியவனாக, கும்பிடு வாங்கிக்கொண்டு அந்த வார்டைவிட்டு வந்துவிடலாம். ஒருநாள் தெரியத்தான் போகிறது. ஆனால் அந்த ஒருநாள் இன்றைக்காக இருக்க வேண்டியதில்லை. நான் அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரமன் உள்ளே நடந்துபோய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

“ஆத்தா, கத்துனது நாந்தான். ஒங்கள இடிச்சதும் நாந்தான்.”

தங்கை விசிறியைப் போட்டுவிட்டு எழுந்தாள். “அட பாவி!” என்று ஆரம்பித்தவளைக் காமாயி கையைத் தூக்கி நிறுத்தினாள். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பரமனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனியவில்லை; என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்பதுபோல் நின்றான்.

“ரெண்டும் நீதானா?” என்றாள்.

“ஆமாத்தா.”

அவள் நல்ல காலை மெதுவாக மடக்கி, கட்டிலில் ஒரு ஓரத்தை ஒதுக்கினாள்.

“நின்னுக்கிட்டே இருக்கியே. உக்காரு” என்றாள்.

பரமன் உட்கார்ந்தான். இரும்புக் கட்டில் கிரீச்சிட்டது. திட்ட எழுந்த தங்கை சொம்பை எடுத்துக்கொண்டு அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.